கீழே யாரும் இல்லை

வண்டியிலிருந்து இறங்கும்போதே எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. டிரைவர் என் பையை எடுத்துப் புழுதியில் வைத்தார். "இதுக்கு மேல வண்டி போகாது, பார்த்து நடங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். நடப்பதற்கு அங்கே பெரிய தூரம் ஒன்றுமில்லை. சாலை ஒரு வளைவு வளைந்தது. அதற்கப்புறம் சாலையே இல்லை.

மலைக்குள் போகும் சுரங்கப்பாதையின் வாசல் அது. நிலநடுக்கத்துக்கு முன்னால் அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். வெளிச்சம் போகும், காது அடைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து வெயில் முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான். அதற்கு வாசல் என்று ஒன்று இருந்ததை நான் கவனித்ததே இல்லை. இப்போது வாசலின் நெற்றியில் இருந்த கான்கிரீட் வளைவு பாதி உடைந்து, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே மலைச்சரிவு பச்சையெல்லாம் உரிந்து வெளிறிக் கிடந்தது. விழுந்த கற்கள் வாசலை முக்கால்வாசி அடைத்திருந்தன. மிச்சமிருந்த இடைவெளியிலிருந்து குளிர்ந்த காற்று விடாமல் வந்தது. அதில் நனைந்த சிமெண்ட் வாடை இருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மலை ஆடினால் விழவேண்டியதெல்லாம் அப்போதே விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பெரிய ஆட்டத்தில் விழுவது பாதிதான். மிச்சமெல்லாம் விரிசல் விட்டு, பிடி தளர்ந்து, அடுத்த சின்ன ஆட்டத்துக்கோ ஒரு மழைக்கோ மேலேயே காத்துக்கொண்டிருக்கும். சுரங்கத்தின் உள்ளே பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, மலை அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அடி வாங்குவதெல்லாம் வாசல்தான்.

அந்த வாசலுக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, தளர்ந்த கல்லைத் தேடித் தள்ளிவிடுவது என் தம்பியின் வேலை. எல்லோரும் அவனை வௌவால் என்பார்கள். கடப்பாரையால் பாறையைத் தட்டிப் பார்ப்பான். கெட்டியான பாறை கணீரென்று சொல்லும். தளர்ந்தது பொத்தென்று சொல்லும். தளர்ந்ததைத் தள்ளுவதற்கு முன்னால் மூன்று தட்டுத் தட்டுவான். கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான் என்று அர்த்தம். கீழே காவல் நிற்பவர் விசிலில் பதில் சொல்லவேண்டும். நீளமாக ஒன்று ஊதினால், கீழே யாரும் இல்லை, தள்ளு. குட்டையாக இரண்டு ஊதினால், ஆள் இருக்கிறது, நிறுத்து. கயிற்றுக்காரன் கீழே குனிந்து பார்க்கமாட்டான். பார்த்தால் பிடி மாறிவிடும். அவனுக்குக் காதுதான் கண்.

அந்தக் காவலுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சாலை வேலைகளில் கொடி பிடித்து நிற்கிறவள். சிவப்பைக் காட்டினால் இந்தப் பக்கத்து லாரிக்காரர் திட்டுவார், பச்சையைக் காட்டினால் அந்தப் பக்கத்து லாரிக்காரர் திட்டுவார். இரண்டு பக்கமும் வசவு வாங்கிப் பழகியவள் என்று தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ.

எனக்கு முன்னால் காவல் நின்றவர் செத்துப்போய்விட்டார். அவரை எல்லோரும் சித்தப்பா என்பார்கள். யாருக்குச் சொந்தச் சித்தப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வாசலிலேயே கல் விழுந்து செத்தார். தள்ளியது என் தம்பி.

"அவன்மேல தப்பு இல்லக்கா" என்றார் இன்ஜினியர். சின்ன வயதுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தார். "சித்தப்பாதான் தள்ளுன்னு ஊதினார். நானே காதால கேட்டேன். ஊதிட்டு அவரே ஏன் அடியில போனார்னு தெரியலை."

தம்பி என்னைப் பார்த்ததும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தாடியெல்லாம் கல்தூசி. பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தாள் அவன் பெண்டாட்டி. அவள் போன வாரத்திலேயே மலை ஆடிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கூடாரம் போட்டு, அதில்தான் குழந்தை பிறந்திருக்கிறது. போனில் ஒரு துணிச்சுருளும் அதற்குள்ளே சுருங்கிய ஒரு முகமும் தெரிந்தன.

"உன்னை மாதிரியே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா பாரு" என்றான்.

"எனக்கு வயசாயிடுச்சு. அவளுக்கு என்னவாம்?"

"அப்பனை இன்னும் பார்க்கலையாம்."

வாசல் திறந்தால்தான் அவனால் மகளைப் பார்க்க முடியும். சுற்றிப் போகிற சாலைகளையும் மலை மூடிவிட்டது. அதனால் அவன் வேகமாக வேலை செய்தான். வேகமாக வேலை செய்யும் கயிற்றுக்காரனைக் கீழே நின்று பார்ப்பது எவ்வளவு பயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவனை உயிரோடு கீழே இறக்கவேண்டும், அவ்வளவுதான் என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் மூடுபனி இருந்தது. மேலேயிருந்து மூன்று தட்டு கேட்டது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனபோது வாசல் இடைவெளியில் ஏதோ அசைந்தது. ஒரு துணியின் ஓரம் மாதிரி இருந்தது. ஆள் நிற்கிற மாதிரியும் இருந்தது. உடனே இரண்டு குட்டை ஊதிவிட்டு, கல்மேட்டில் ஏறிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஈரக் கற்கள், இருட்டு, காற்று. தூக்கம் இல்லாத கண் எதையாவது காட்டும் என்று முனகிக்கொண்டே என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

விசிலை இன்னும் வாயில் வைக்கவில்லை.

நீளமாக ஒரு விசில் கேட்டது.

மேலே கல் உருண்டது. மலை இறங்கி வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, வாசலுக்கு முன்னால் புழுதி எழும்பியது.

"டேய், யாரைக் கேட்டுடா தள்ளினே?" என்று கத்தினேன்.

"நீதானே ஊதினே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

இன்ஜினியரிடம் விசிலே இல்லை. பொக்லைன் ஓட்டுகிற கரடி, எந்திரத்துக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் முடி என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்தச் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். என் விசில் கூர்மையானது. நான் கேட்டது கொஞ்சம் தடித்த சத்தம், முடிகிற இடத்தில் மூச்சு தீர்ந்து இறங்கியது. பெருமூச்சு விட்டுக்கொண்டே ஊதினால் அப்படித்தான் வரும்.

மறுநாள் அது இன்னொரு விதமாக வந்தது. தம்பி தட்டினான். வாசலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நீளமாக ஊதுவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து, காதுக்கு மிக அருகில், குட்டையாக இரண்டு வந்தது.

திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

கற்குவியலுக்குப் பின்னாலிருந்து கரடி பேண்ட் ஜிப்பை இழுத்துக்கொண்டே எழுந்து வந்தார். ஒன்றுக்குப் போயிருக்கிறார், சரியாகக் கல் விழுகிற இடத்தில். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. ஆனால் அவர் பயந்து ஓடவில்லை. என் தோளுக்குப் பக்கத்து வெறும் காற்றைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"நன்றி சித்தப்பா" என்றார்.

பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். எங்களில் யாருக்கும் அது இல்லை. தினமும் தரை இரண்டு மூன்று தடவை நடுங்கும், தூங்கலாம் என்று படுத்தால் கூடாரத்தின் கம்பி கிணுகிணுக்கும். அந்த நிலையில், செத்தவர் ஒருவர் உதவிக்கு வந்து விசில் ஊதினால், சரி ஊதட்டும் என்றுதான் தோன்றும். மதியம் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அதைப் பற்றி அவர்கள் சாதாரணமாகத்தான் பேசினார்கள்.

"அவர் இன்னும் டூட்டியில இருக்காரு" என்றார் கரடி. "காவலை யாரும் அவர்கிட்டேருந்து வாங்கலையே."

காவல் மாறும்போது அங்கே ஒரு பழக்கம் உண்டாம். வருகிறவர் நிற்கிறவரின் தோளைத் தொட்டு, 'நான் பார்த்துக்கறேன், நீ போ' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைச் சொல்லும் வரை, வயிறு எரிந்தாலும் காலில் ரத்தம் கட்டினாலும் நிற்கிறவர் நகரக்கூடாது. ஒரு நொடி கூடக் கண் இல்லாமல் வாசல் இருக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். சித்தப்பாவுக்கு மாற்றாக வரவேண்டிய ஆள் வழியில் சாலை சரிந்து மாட்டிக்கொண்டார். சித்தப்பா இரவும் பகலும் நின்றார். அப்படி நிற்கும்போதுதான் செத்தார்.

தம்பி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"அன்னைக்குக் காலையிலேருந்து குட்டை விசிலா ஊதிக்கிட்டே இருந்தாருக்கா" என்றான். "நான் தட்டுவேன், அவர் நிறுத்துன்னு ஊதுவாரு. இன்ஜினியர் சார் போய்ப் பார்ப்பாரு, வாசல்ல ஒரு ஈ காக்கா இருக்காது. 'ஒரு பொண்ணு நிக்கிறா, கையில குழந்தை'ன்னு சொல்லுவாரு. தூக்கம் இல்லாம உளறார்னு நினைச்சோம். கடைசியில சார் சத்தம் போட்டாரு. சரின்னு நீளமா ஊதினாரு. நான் தள்ளினேன். கல்லு கையை விட்டப்புறம்தான் கீழ பார்த்தேன். கையை நீட்டிக்கிட்டு வாசலுக்கு ஓடறாரு. 'வெளிய வாம்மா, வெளிய வாம்மா'ன்னு கத்திக்கிட்டே ஓடறாரு."

"யாரையாம்?"

"யாரும் இல்லக்கா. எல்லாக் கல்லையும் புரட்டிப் பார்த்தோம். அவர் மட்டும்தான் இருந்தாரு."

நேற்று நான் பார்த்த துணியின் ஓரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. சொன்னால் இவன் கயிற்றில் ஏறும்போது அதையே நினைத்துக்கொண்டிருப்பான் என்று பயந்தேன்.

"உசிரோட இருந்தப்ப அவருக்குத் தெரியலை" என்றான் தம்பி. "யாரு ஆளு, யாரு ஆள் இல்லைன்னு. இப்பத் தெரியுது. அவர் ஊதினா நான் யோசிக்காம தள்ளுவேன். உன் விசிலைவிட அவர் விசில் மேல்."

"அப்படின்னா என் சம்பளத்தையும் அவருக்கே குடுத்துடுங்க."

கரடி சிரித்துப் புரையேறினார். தம்பி சிரிக்கவில்லை. தன் கையால் கொன்ற மனிதர் தனக்குக் காவல் நிற்கிறார் என்ற நினைப்பு அவனுக்கு ஆறுதலா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. அவனை நினைத்து எனக்கு அழுகைதான் வந்தது.

வாசலுக்கு நேர் மேலே ஒரு பெரிய பாறை மிச்சமிருந்தது. அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றும் செய்யாது, மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், கீழே யாராலும் நிம்மதியாக நிற்கமுடியாது. அதை இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களைச் சுரங்கம் வழியாக நடத்திக் கூட்டிவரலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அடுத்த நாள் காலையில் தம்பி பெண்டாட்டி போனில் கத்தினாள். "அண்ணி, இன்னைக்கு மத்தியானம் விடறாங்களாம்! நாங்க சுரங்கத்துக்கு வந்துட்டோம், முதல் ஆளா நிக்கிறேன்!" சத்தம் விட்டுவிட்டு வந்தது. அதற்குள் லைன் போய்விட்டது.

அன்று வெயிலே வரவில்லை. மூடுபனி சரிவிலிருந்து இறங்கி வாசலுக்கு முன்னால் தேங்கி நின்றது. தம்பி மாமியாருக்குப் பின்னால் ஜாக்கியை வைத்து நெம்பிக்கொண்டிருந்தான். ஜாக்கியின் கிரீச் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஜினியரும் கரடியும் வளைவுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றார்கள். நான் என் இடத்தில் நின்றேன்.

மூன்று தட்டு.

வாசலைப் பார்த்தேன்.

அவள் நின்றிருந்தாள்.

சந்தேகமே இல்லை. இடைவெளிக்கு நடுவில், புழுதிக்குப் பயந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, மார்போடு ஒரு சுருளை அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். சுருளுக்குள்ளிருந்து குழந்தை அழுதது. மெல்லிய, புதுக் குரல். முதல் ஆளாக நிற்கிறேன் என்றாளே, பொறுக்கமுடியாமல் முன்னாலேயே ஓடி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு நேர் மேலே அவள் புருஷன் பாறையோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

என் தோளுக்குப் பக்கத்தில் விசில் ஊதியது.

நீளமாக.

தள்ளு என்று ஊதியது.

"இல்லை!" என்று அலறினேன். என் விசிலைக் கடித்துக்கொண்டு குட்டையாக இரண்டு ஊதினேன். அந்த நீள விசில் நிற்கவில்லை. மறுபடியும் ஊதியது, என்னுடையதன் மேலேயே ஊதியது. மேலே ஜாக்கி நின்றது. இரண்டு விசிலையும் கேட்டுக்கொண்டு தம்பி திணறுகிறான் என்று தெரிந்தது. எதை நம்புவான் என்றும் தெரிந்தது. அவனே சொல்லியிருந்தான்.

ஜாக்கி மறுபடியும் கிரீச்சிட்டது.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இடது பக்கம் கையை நீட்டினேன். வெறும் காற்றுதான். ஆனால் தோள் இருக்கவேண்டிய உயரத்தில் என் விரல்களுக்கு ஈரத்துணி தட்டுப்பட்டது. உள்ளே எலும்பு இருந்தது.

"நான் பார்த்துக்கறேன் சித்தப்பா" என்றேன். "நீங்க போங்க."

விசில் பாதி மூச்சில் நின்றது. ஈரத்துணி என் விரலுக்கடியில் கொஞ்ச நேரம் நின்றது. ஏதோ சொல்ல நினைத்தவர் தயங்குகிற மாதிரி இருந்தது. பிறகு கை வெறுமையானது. சொல்லிவிட்டால் போய்விடவேண்டும், அதுதான் அங்கே பழக்கம். அவர் போய்விட்டார்.

குட்டையாக இரண்டு ஊதினேன். மேலே ஜாக்கி நின்றது.

"அங்கேயே இரு, தொடாதே!" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன். "வாம்மா, சீக்கிரம் வெளிய வா! என்ன அவசரம் உனக்கு?"

அவள் வரவில்லை. நான் கல்மேட்டில் ஏறினேன். பக்கத்தில் போகப்போக அவள் ஓரடி உள்ளே நகர்ந்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து கையை நீட்டினேன். இன்னும் ஓரடி உள்ளே போனாள். அந்த வாடை வந்தது, யாரும் பேசாத வாடை. இப்போது மிகப் பக்கத்தில் இருந்து வந்தது.

என் பையில் போன் அடித்தது.

கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல் போனைக் காதில் வைத்தேன்.

"அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி, அழுகிற குரலில். "எங்களை இன்னும் விடவே இல்ல அண்ணி. நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. அவர்கிட்ட சொல்லிடுங்க. பாப்பா இப்பதான் தூங்கறா."

எனக்கு முன்னால் இருந்தவள் முகத்துணியை விலக்கப் போனாள்.

நான் பார்க்கவில்லை. திரும்பி ஓடினேன். கல்மேட்டை விட்டு இறங்கும்போது தரை நடுங்கியது. வழக்கமாக வருகிற சின்ன ஆட்டம்தான், டீ குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். ஆனால் மேலே மாமியாரைப் பாதி நெம்பி வைத்திருந்தது. அதன் பக்கத்தில், நான் இருக்கச் சொன்ன இடத்தில், என் தம்பி தொங்கிக்கொண்டிருந்தான்.

சத்தம் அடங்கி, புழுதி கொஞ்சம் விலகியதும் அவனைப் பார்த்தேன். கயிறு அறுபடவில்லை. தலைகீழாகத் தொங்கினான். ஒரு கால் இருந்தது. இன்னொரு கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை.

சித்தப்பா சரியாகத்தான் ஊதினார். கீழே யாரும் இல்லை. அவர் ஊதியபோதே தள்ளியிருந்தால் பாறை சுத்தமாக இறங்கியிருக்கும், தம்பி அதற்கு மேலே பத்திரமாக நின்றிருப்பான். அவர் எதை நம்பிச் செத்தாரோ அதே பொய்யை நானும் நம்பினேன். அவர் அதைத் தடுக்கத்தான் இரவு பகலாக அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான். காலை எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்டது, "அவ வந்துட்டாளா?" என்றுதான். என்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்து ஜனங்களைச் சுரங்கம் வழியாக நடத்திக் கூட்டிவந்தார்கள். கையில் டார்ச், தோளில் மூட்டை, ஒருவர் பின்னால் ஒருவராக. தம்பி பெண்டாட்டி முதல் ஆளாக வரவில்லை, கடைசியில்தான் வந்தாள். அவளைக் கண்டதும் எனக்கு உடனே கிட்டே போகத் தைரியம் வரவில்லை. அவள் வெளிச்சத்துக்கு வந்து, முகத்தைக் காட்டி, "அண்ணி" என்று கூப்பிட்ட பிறகுதான் போனேன். குழந்தையை வாங்கி மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. சத்தம் போட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏறப்போகும்போது அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அண்ணி, எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு வந்தாளே, எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"கைக்குழந்தையோட. சுரங்கம் பூரா என்கூடத்தான் நடந்தா. ஒரு வார்த்தை பேசலை. வாசல் கிட்ட வந்ததும் நின்னுட்டா. வாங்கன்னு கூப்பிட்டேன், தலையை ஆட்டிட்டா. பாவம், யாருக்கோ காத்திருக்கா போல."

வண்டி போனதும் இன்ஜினியர் வந்தார். மாமியார் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக விரிசல் கண்டிருந்தது. வேறு கயிற்றுக்காரன் வந்திருக்கிறான், அமைதியான பையன், போன மாதம்தான் கல்யாணமாம். விரிசல் விட்ட அந்தப் பாறையையும் இறக்கிவிட்டால் நாளைக்குப் பஸ் விடலாம் என்றார். காவலுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நான் முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்தது. போய் நின்றேன்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டேன்.

"வந்தாச்சு" என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஒருத்தர் ரெண்டு பேர் பின்தங்கியிருந்தாலும் இருப்பாங்க. பார்த்து ஊதுங்க" என்றார்.

மேலே மூன்று தட்டு கேட்டது.

வாசல் இடைவெளியில் ஒரு பெண் நிற்கிறாள். முகத்தைத் துணியால் மூடியிருக்கிறாள். கையில் குழந்தை. பின்தங்கி வந்தவளாக இருக்கலாம். நடந்து நடந்து களைத்துப்போய், வெளியே வரப் பயந்து, யாராவது வா என்று கூப்பிட மாட்டார்களா என்று நிற்கிறவளாக இருக்கலாம்.

"சித்தப்பா" என்று மெல்லக் கூப்பிட்டேன்.

இடது பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். காற்றுதான் இருந்தது.

மேலே அந்தப் பையன் மறுபடியும் மூன்று தட்டுத் தட்டினான். அவனுக்குக் கை வலிக்கும், எவ்வளவு நேரம் தொங்குவான்.

குழந்தை அழ ஆரம்பித்தது.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.